ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தத்தில் கையைச் சுட்டுக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

காரைக்குடி, செக்காலை ரோட்டிலிருந்து

எங்கள் ஃபேன்டசி கூடைப்பந்து லீக்கில் (அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறை லீக்கில் ஆடும் நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் ஆட்டத்தை வைத்து நமக்குப் புள்ளி போடும் விளையாட்டு) பத்து அணி. பாதிப் பேர் காலேஜ் மைதானத்தில் ஒன்றாக ஆடியவர்கள், மீதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்று போய்விட்டவர்கள். பணம் வைத்து ஆடுவதில்லை. கடைசியாக வருகிறவர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். அணிக்கு 200 காசு, எல்லாம் விளையாட்டுக் காசுதான். ஒரு வீரரை ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை ஒப்பந்தம் செய்யலாம். ஒப்பந்தம் முடிந்தவர் ஃப்ரீ ஏஜென்ட், ஜூலையில் ஏலத்துக்கு வருவார்.

2022 ஜூலையில் என்.பி.ஏ. வீரர் ஜேலன் பிரன்சன் டல்லாஸ் அணியை விட்டு நியூயார்க் நிக்ஸ் அணிக்குப் போனார். நாலு வருஷம், 104 மில்லியன் டாலர். அதே வாரம் எங்கள் ஏலத்திலும் அவர் பெயர் வந்தது. மூடிய ஏலம்: தொகையையும் வருஷத்தையும் எழுதி, லீக்கை நடத்தும் கமிஷனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் 21 காசு, ஒரு வருஷம். மாப்பிள்ளை முறையுள்ள ஒருவர் (முறை இருப்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது) வருஷத்துக்கு 17 காசு, மூன்று வருஷம். எங்கள் விதியில் இருந்தது ஒரே வரி: "அதிகம் கேட்டவருக்கே வீரர்." இப்போது 21 அதிகமா, 51 அதிகமா?

ஒரு வாரம் சண்டை. என்.பி.ஏ.வில் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனென்றால் அங்கே வீரரே முடிவு செய்கிறார். பிரன்சனின் அப்பா அந்த வருஷம்தான் நிக்ஸில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். நம் லீக்கில் அப்பா செல்லாது. வீரர் வாய் திறக்க மாட்டார் என்பதால், அவர் எதை விரும்பியிருப்பார் என்பதை ஒரு கணக்காக எழுதி வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் கமிஷனர் தீர்ப்பு: வருஷத் தொகைதான் அடிப்படை, இரண்டு வருஷம் என்றால் அதை 1.1-ஆல் பெருக்கு, மூன்று என்றால் 1.2-ஆல். 17 பெருக்கல் 1.2, 20.4 வருகிறது. நான் 0.6 காசில் ஜெயித்தேன்.

ஜெயித்து என்ன? டல்லாஸில் கடைசி வருஷம் ஆட்டத்துக்கு 16 புள்ளி சராசரி வைத்திருந்தவர் நியூயார்க்கில் 24 அடித்தார். ஒரு வருஷம் முடிந்ததும் என் கையை விட்டுப் போனார். அடுத்த ஏலத்தில் 43 காசு. மாப்பிள்ளையிடம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உங்கள் கதை என்ன?

தேவகோட்டையிலிருந்து

அண்ணே, நீங்கள் வருஷம் குறைவாகப் போட்டு மாட்டினீர்கள், நான் அதிகமாகப் போட்டு மாட்டினேன். 2024-ல் இண்டியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்டனை வருஷத்துக்கு 38 காசுக்கு மூன்று வருஷம் எடுத்தேன். முதல் வருஷம் தங்கம்.

2025 ஜூன் 23, திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். முகப்பில் உட்கார்ந்து போனைத் தூணில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. முதல் கால் பகுதி முடியவில்லை, ஆள் விழுந்துவிட்டார். தரையை அடித்து அழுகிறார். "யார் வீட்டுப் பிள்ளை ஆத்தா, எந்திரிக்கவே மாட்டேங்குது?" என்றது அப்பத்தா. நம் வீட்டுப் பிள்ளைதான் என்று சொல்லலாம் போலிருந்தது. குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. 2025-26 சீசன் முழுக்கப் போச்சு.

எங்கள் விதிப்படி ஒப்பந்தத்துக்கு நடுவில் வீரரை விடுவித்தால் மீதி வருஷத் தொகை அப்படியே நம் கணக்கில் நிற்கும். அதாவது 200-ல் 38 காசு, இரண்டு வருஷத்துக்கு. அந்த நேரத்தில்தான் மில்வாக்கி அணி தன் வீரர் டேமியன் லில்லார்டை விடுவித்தது. அவருக்கும் ஏப்ரலில் அதே காயம். மீதி இருந்த இரண்டு வருஷச் சம்பளம் சுமார் 113 மில்லியன், அதை ஐந்து வருஷத்துக்குப் பரப்பிவிட்டார்கள். மீதி வருஷத்தை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுவது அங்கே உள்ள விதி. நானும் உடனே மனு போட்டேன்: 76 காசை ஐந்தாகப் பிரித்து வருஷத்துக்கு 15.2 ஆக்குங்கள் என்று.

ஏழுக்கு மூன்று, தோற்றேன். "போன வருஷமே கேட்டிருந்தால் கை தூக்கியிருப்போம், ஆள் விழுந்த பிறகு கேட்டால் எப்படி?" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். புது ஒப்பந்தங்களுக்கு மட்டும் அந்த விதியைச் சேர்த்துக்கொண்டோம். என் 38 காசு காயக்காரர் கட்டத்தில் சிவப்பு எழுத்தோடு ஒரு சீசன் முழுக்கக் கிடந்தது.

கண்டனூரிலிருந்து

காரைக்குடித் தம்பி, தேவகோட்டை ஆச்சி, இரண்டு பேருக்கும். எங்கள் ஐயா ரங்கூனில் கடைக்கு ஏஜெண்டாகப் போனவர். அவருடைய சம்பளச் சீட்டு இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருக்கும். மூன்று வருஷத்துக்குச் சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, கணக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் என்ன என்பதற்கும் ஒரு வரி உண்டு. ஒப்பந்தம் என்றால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவேன். உங்கள் லீக் விதியில் அதுதான் இல்லை.

என் பேரன் லீக்கில் என்னையும் சேர்த்துவிட்டான். அங்கே நான் மாட்டியது பழைய ஆட்டக்காரர் லாரி பேர்ட் பெயரில் வழங்கும் உரிமையில். என்.பி.ஏ.வில் ஒருவர் வேறு அணியோடு புதிதாக ஒப்பந்தம் செய்யாமலும் விடுவிக்கப்படாமலும் மூன்று சீசன் முடித்தால், அவருடைய அணி சம்பள உச்சவரம்பைத் தாண்டியும் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கள் லீக்கும் அதை எடுத்துக்கொண்டது. நான் இரண்டரை வருஷம் வளர்த்த ஒரு வீரரை, மார்ச்சில் நல்ல விலை வந்ததே என்று பேரனுக்கு மாற்றிவிட்டேன். ஜூலையில் பேரன் உரிமை கொண்டாடுகிறான்! நாலு மாதம் வைத்திருந்தவனுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். அசல் விதியை எடுத்துக் காட்டினான்: வீரரை மாற்றிக்கொடுத்தால் உரிமையும் கூடவே போகும். சரிதான். நான் படிக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்

என் கதை நேரத்தால் வந்தது. எங்கள் லீக்கில் கட்டுப்பாட்டுடன் விடப்படும் ஃப்ரீ ஏஜென்ட் உண்டு. வேறொருவர் விலை சொல்லலாம், பழைய அணிக்காரர் அதே விலையைக் கொடுத்தால் வீரரை வைத்துக்கொள்ளலாம். 2022-ல் இண்டியானா டிஆண்ட்ரே ஏட்டனுக்கு நாலு வருஷம் 133 மில்லியன் எழுதிக் கொடுத்தது, ஃபீனிக்ஸ் உடனே அதே தொகைக்குச் சரி என்று சொல்லி அவரை வைத்துக்கொண்டது, நினைவிருக்கும்.

எங்களுக்கு அவகாசம் "மறுநாள் இரவு வரை". என் ஆளுக்கு விலை வந்த அன்று நான் தங்கை கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் வந்திருந்தேன். மறுநாள் வளவில் பெரியவர்கள் உட்கார்ந்து இசைகுடிமானம் (எங்கள் பக்கத்துக் கல்யாண ஒப்பந்தம்) எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போனை எடுத்தால் முதுகில் அடி விழும். எல்லாம் முடிந்து, பந்தி முடிந்து, இரவு பத்தேமுக்காலுக்கு "சரி, வைத்துக்கொள்கிறேன்" என்று அனுப்பினேன். கமிஷனர் இருப்பது சிங்கப்பூரில். அவருக்கு மணி ஒன்றே கால், தேதி மாறிவிட்டது. "எந்த ஊர் இரவு என்று எழுதவில்லையே" என்றேன். "எழுதவில்லைதான், அதனால் கமிஷனர் ஊர் இரவு" என்றார். ஆள் போனார்.

புதுவயலிலிருந்து

எங்கள் மில்லில் வேலை செய்கிற நாலு பேர், வெளியே நாலு பேர், சின்ன லீக். ஏலம் திறக்குமுன்னே இரண்டு பேர் டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள்: "நீ அவனைக் கேட்காதே, நான் இவனைக் கேட்க மாட்டேன்." கண்டுபிடித்ததே அந்த டீக்கடைக்காரர் சொல்லித்தான். காரைக்குடி அண்ணன் சொன்ன அதே பிரன்சன் விஷயத்தில், நேரத்துக்கு முன்னே பேசியதற்காக நிக்ஸின் 2025 இரண்டாம் சுற்றுத் தேர்வு (புது வீரரை எடுக்கும் முறை) ஒன்றை என்.பி.ஏ. பறித்தது. நாங்களும் ஆளுக்கு ஒரு தேர்வைப் பறித்தோம். ஒருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரிசி மூட்டைக் கணக்கு மட்டும் பேசுகிறோம்.

காரைக்குடியிலிருந்து மறுபடியும்

பள்ளத்தூர்க்காரரே, உங்களுடையதைப் படித்துவிட்டு எங்கள் விதியைத் திறந்து பார்த்தேன். "ஜூலை 1 ஏலம் தொடக்கம்" என்று மட்டும் இருக்கிறது. என்.பி.ஏ. சந்தை திறப்பது அவர்கள் கிழக்குப் பகுதி நேரம் ஜூன் 30 மாலை 6 மணிக்கு, நமக்கு அது ஜூலை 1 அதிகாலை மூன்றரை. துபாய்க்காரருக்கு இரண்டு மணி. அவர் ஏற்கெனவே நள்ளிரவு பன்னிரண்டுக்கே அனுப்பி வைத்துவிட்டு, தேதி சரிதானே என்று உட்கார்ந்திருக்கிற ஆள். குழுவில் இப்போதே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் படித்துவிட்டு இன்னும் பதில் போடவில்லை.