வெவ் கிளிக்கோ ஷாம்பெயின் நிறுவனத்தின் நிலவறையில் மறக்க முடியாத கணம் எது?

மலைச்சாரல்:
பிரான்சின் ரெய்ம்ஸ் நகரிலுள்ள சுண்ணாம்புக்கல் நிலவறைக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். கதை தெரிந்ததுதான். 1772இல் ஃபிலிப் கிளிக்கோ தொடங்கியது. 1805இல் மகன் பிரான்சுவா இறந்துவிட, 27 வயது மருமகள் பார்ப்-நிக்கோல் தொழிலை ஏற்றார். மஞ்சள் லேபிளில் ‘வெவ்’ என்ற முதல் சொல்லைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று அம்மா கேட்டார். "விதவை" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா போனபோது அம்மாவுக்கு 31 வயது. கல்யாண வீடுகளில் அவர் தூணோரம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தேன். "அதையே பெயராக வைத்துக்கொண்டாளா?" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

தென்றல்77:
எனக்கு அந்தத் துளைப் பலகைதான். பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது மண்டி படிகிறதல்லவா, பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி அதைக் கழுத்துக்கு இறக்க பார்ப்-நிக்கோல் 1816 வாக்கில் சமையலறை மேசையிலேயே துளையிட்டதாகச் சொல்கிறார்கள். வழிகாட்டி ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். நான் வெடுக்கென்று திருப்பிவிட்டேன். கழுத்தில் திரண்டிருந்த மண்டி புகைபோல எழுந்து, முழுவதும் கலங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்தார். யாரோ வாரக்கணக்கில் பார்த்த வேலை!

கல்தச்சன்:
தென்றல்77, அவரோடு உழைத்த நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரை விட்டுவிட்டீர்களே. குடும்ப நிறுவனம் என்று இன்னும் பலர் எழுதுவதும் சரியல்ல. தொழிலை பார்ப்-நிக்கோல் தன் மகளிடம் விடவில்லை, பங்காளி எதுவார் வெர்லேயிடம் விட்டார். ஆனால் துணிச்சல் முழுக்க பார்ப்-நிக்கோலுடையது. 1814இல் நெப்போலியன் காலப் போர்த்தடை நீங்கும் முன்பே 10,550 பாட்டில்களை ரஷ்யச் சந்தைக்குக் கப்பலேற்றினார். மலைச்சாரல், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மணமான பெண் கணவன் சம்மதமின்றி வணிகம் செய்ய முடியாது, விதவை செய்யலாம். அந்தச் சொல்தான் அவருக்கு உரிமம். 1866இல் அவர் இறந்த பூர்சோ மாளிகையைப் பார்க்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நெடுவழி:
போகிறவர்களுக்கு: கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும், கீழே நல்ல குளிர். வழுக்காத செருப்பு போடுங்கள். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்களை முன்கூட்டியே விசாரித்துவிட்டு அழைத்துப் போங்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். வாங்கும் பாட்டிலை வெளிச்சத்திலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம். 2010இல் பால்டிக் கடலடியில் கிடைத்த இந்த நிறுவனத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பாட்டில்களில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்ததாம். இன்றைய புளிப்பை நாக்கில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது, அந்தக் காலத்து விருந்தொன்றை எட்டிப் பார்த்ததுபோல இருந்தது.

மலைச்சாரல்:
கல்தச்சன், அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உரிமம் என்ற இடத்தை இன்னொரு முறை படி" என்றார். அம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த மூதாட்டியின் முகம் பதித்த தகர மூடியை மட்டும் வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிவந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது.