கையெழுத்துள்ள மேடைக் கிட்டார்: மட்டக்களப்புக் காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

வாவிக்கரை, கல்லடி:
லண்டனில் இருக்கிற மாமா ஏலத்தில் எடுத்த கிட்டார் ஒன்று வீட்டுக்கு வரப்போகுது. 1978 கிப்சன் லெஸ் போல், சன்பேர்ஸ்ட் (நடுவில் மஞ்சள், ஓரம் கருமையாகப் போகும் நிறம்). ஒரு றொக் கலைஞர் சுற்றுப்பயணங்களில் வாசித்தது. முன்பக்கம் கறுப்பு மாக்கரால் கையெழுத்து. வீடு கடலுக்குக் கிட்ட. அழியாமல் இருக்க மேலே கிளியர் வார்னிஷ் அடித்து சுவரில் மாட்டலாமா? சரியான பொருள்தானா என்று வந்ததும் எதைப் பார்க்க வேணும்?

கல்முனைக் கம்பி:
வார்னிஷ் வேண்டவே வேண்டாம் தம்பி. கிப்சனுக்கு அடிக்கிற மேற்பூச்சு நைட்ரோசெலுலோஸ் லக்கர், சுருக்கமாக நைட்ரோ. ஸ்பிறேயில் உள்ள கரைப்பான் லக்கரையும் இளக்கும், மையையும் கரைக்கும், எழுத்து பரவிப்போகும். பொலிஷ், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

தலைப்பகுதியின் (கம்பி முறுக்கும் திருகிகள் உள்ள முனை) பின்புறம் தொடர் இலக்கம் குத்தியிருக்கும். 1977இலிருந்து கிப்சனில் எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருடம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. உங்களுடையதில் முதலாவது 7, ஐந்தாவது 8. பிறகு பின்மூடியைக் கழற்றி வொலியூம் பொட்டுகளில் (சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் உள்பாகம்) உள்ள இலக்கத்தைப் பாருங்க, தகர மறைப்பு இருந்தால் அதையும் கழற்ற வேணும். 1377820 என்றிருந்தால் 137 பொட் செய்த சீடிஎஸ் கம்பனி, 78 வருடம், 20 அந்த வருடத்தின் இருபதாவது கிழமை (வாரம்). பிந்திய திகதி வந்தால் பொட் மாற்றியிருக்கு. ஊர் ஊராகப் போன கிட்டாரில் அது சாதாரணம், ஆனால் ஏலப் பட்டியலில் சொல்லியிருக்க வேணும்.

இவ்வளவும் கிட்டாரின் வயதை மட்டும்தான் சொல்லும். அவர் கையில் இருந்ததா என்பதற்குத் திகதி தெரிந்த மேடைப் படம் வேணும். மர இழை இரண்டு கிட்டாரில் ஒரே மாதிரி வராது, அதைப் படத்தோடு ஒப்பிடுங்க. படத்தில் இல்லாத கீறல் கிட்டாரில் இருக்கலாம், பிறகு பட்டதாக இருக்கும். படத்தில் உள்ள ஆழமான காயம் கிட்டாரில் இல்லாவிட்டால்தான் சந்தேகம்.

கையெழுத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்க. லக்கரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால், மை அதற்குள் இறங்கியிருக்கா, இல்லை வெடிப்பு மையை வெட்டிக்கொண்டு போகுதா? இறங்கியிருந்தால் வெடித்த பிறகு போட்ட கையெழுத்து. சொல்லப்படுகிற வருடத்தோடு அது பொருந்துதா என்று யோசிங்க.

பட்டறை, ஊறணி:
சுவர் சரிவராது. மாக்கர் மை வெளிச்சத்தில் மங்கும், மங்கினால் திரும்பாது. வாடை மழைக்குச் சுவரே ஈரம் ஊறும், உப்புக்காற்றில் பிரிட்ஜும் (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) பிக்கப் (ஒலியை வாங்கும் காந்தம்) மூடியும் பச்சை பிடிக்கும். கேஸுக்குள் வைத்து, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுங்க. ஸ்டாண்டில் நிறுத்தினால் றப்பர் படும் இடத்தைப் பருத்தித் துணியால் சுற்ற வேணும், வெறும் றப்பர் நைட்ரோவை உருக்கி ஒட்டிக்கொள்ளும்.

கேஸுக்குள் ஈரப்பதம் 45–55 சதவீதம் நிற்க வேணும். துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போடுங்க. வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் 45க்குக் கீழே போனால் ஜெல்லை வெளியே எடுங்க, இல்லாவிட்டால் விரல்பலகை (கழுத்தில் விரல் வைக்கும் மரம்) சுருங்கி பிரெட் (அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) முனை வெளியே தள்ளும். மீட்டரை நம்பமுதல் சோதிக்க வேணும்: போத்தல் மூடியில் உப்பு, சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத பையில் எட்டு மணித்தியாலம். 75 காட்ட வேணும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்து வாசிங்க.

வாவிக்கரை:
நன்றி அண்ணே. ஏசி இரவில் மட்டும்தான் போடுறது, அந்த அறையில் வைக்கலாமா? கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்காம், துடைத்துப் புதுசு போடவா?

பட்டறை, ஊறணி:
இரவுக்கு மட்டும் ஏசி ஓடுகிற அறையை விட, ஏசியே இல்லாத உள்ளறை நல்லது. குளிர்ந்த கிட்டாரில் காலையில் ஈரக்காற்றுப் பட்டால் வியர்க்கும், அதில்தான் இரும்பு கெடும். துருக் கம்பியை மாற்றத்தான் வேணும், அது பிரெட்டையும் கெடுக்கும். ஒவ்வொன்றாக மாற்றுங்க, கழுத்தின் இழுவிசை ஒரேயடியாகப் போகக்கூடாது. பழைய கம்பிகளைப் பையில் போட்டு கேஸிலேயே வைங்க. அழுக்கைச் சுரண்டாதீங்க. வியர்வைக் கறை, டேப் ஒட்டிய தடம், பெல்ட் பக்கிள் கீறல் எல்லாம் மேடையின் சாட்சி, விலையும் அதில்தான்.

கல்முனைக் கம்பி:
அனுப்ப முதல் மாமாவிடம் சொல்லுங்க: கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, தலைப்பகுதிக்கு மேலும் கீழும் அசையாதபடி அடைக்க வேணும். அது பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். வந்ததும் கேஸை 24 மணித்தியாலம் திறக்க வேண்டாம், குளிரில் வந்த லக்கர் சட்டென்று சூடுபட்டால் வெடிக்கும். விரல்பலகை மரம் எது என்று ஏலக்காரரிடம் எழுத்தில் வாங்குங்க. ரோஸ்வூட் வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து சைற்றிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) விலக்கு இருக்கு, ஆனால் பிரேசில் ரோஸ்வூட்டுக்கு அது இல்லை, அனுமதிப் பத்திரம் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் மாட்டும்.