சபா செம்பனைத் தோட்டத்தில் தம்பி: குரங்கு மலேரியா பற்றி உதவி தேவை

வணக்கம். என் தம்பி போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். காட்டை அழித்து நட்ட இடம். விடுதிக்குப் பின்னாலேயே நீண்டவால் குரங்குகள் திரிகின்றனவாம்.

அங்குள்ள நோலெசி மலேரியா, குரங்குகளிடமிருந்து அனாபிலிஸ் கொசு வழியாக மனிதருக்கு வருவது. ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கொரு முறை பெருகுவதால் காய்ச்சலைத் தள்ளிப்போடவே கூடாது. உடன் வேலை செய்பவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கொசுவலை கொடுத்தனுப்பினேன். ஆனால் இந்தக் கொசு அந்தி சாய்ந்ததும் வெளியிலேயே கடிக்கிறது. தம்பி குளித்துவிட்டு, கைலியோடு வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசும் நேரம் அது.

சபா, சரவாக் தோட்டங்களில் இருந்தவர்களே, மாலையில் என்ன பூசினீர்கள்? காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போனீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.