17 வயதில் நடந்த கொலை, ஆயுள் தண்டனை: முன்விடுதலை மனுவா, வயது மனுவா?

அரூர்_வாசி: சிறையில் இருக்கும் ஒருவருக்காகக் கேட்கிறேன். சம்பவம் 2011-ல். அப்போது அவருக்கு 17 நடப்பு. ஆயுள் தண்டனை, ஹைகோர்ட்டிலும் உறுதியாகிவிட்டது, சேலம் மத்திய சிறையில் இருக்கிறார். 14 வருடம் ஆனதால் முன்விடுதலைக்கு, அதாவது தண்டனை முடியும் முன்பே விடக் கேட்டு, எழுதச் சொல்கிறார்கள். விசாரணையில் வயதுப் பேச்சே வரவில்லை. இனி எழுப்பலாமா? பத்தாவது படிக்கவில்லை, கையில் ஆதார் மட்டும்தான்.

கோர்ட்_வாசல்: தாராளமாக. முன்விடுதலை அரசு மனது வைத்தால் வருவது, இது உரிமை. 2015 சிறார் நீதிச் சட்டம் 9(2)-ன்படி வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம். சம்பவம் அந்தச் சட்டம் அமலான 15.1.2016-க்கு முந்தையது, ஆகவே பொருந்துவது பழைய 2000-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டம். அதில் 16 தாண்டி 18 ஆகாதவரைப் பெரியவராக விசாரிக்கும் வழியே கிடையாது. அதிகபட்சம் சிறார்களுக்கான சிறப்பு இல்லத்தில் 3 வருடம்.

ஆதாரை நம்ப வேண்டாம். பிறந்த தேதிக்கு அது சான்றல்ல என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பள்ளிச் சான்று முதலில். அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. முப்பது கடந்தவரின் எலும்பு, அன்று 17-ஆ 19-ஆ என்று சொல்லாது.

ரெக்கார்டு_ஷீட்: முதலில் சேர்ந்த பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் பிடியுங்கள். பள்ளியை மூடியிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். ஹெட்மாஸ்டர் சாட்சி சொல்லவும் வேண்டியிருக்கும்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? அந்தக் காலத்தில் வாத்தியார்கள் குத்துமதிப்பாக மே, ஜூன் தேதி போட்டுவிடுவார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஐந்து மாத இடைவெளி இருந்தால் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். உடன்பிறந்தவர்கள் தேதிகளையும் முன்னமே ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டனைக்குப் பிறகு புதிதாக வாங்கிய பிறப்புச் சான்றும் சந்தேகத்தைக் கிளப்பும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒன்று: மாவட்டம் பிரிந்தது 2004-ல், பழைய பதிவில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருப்பது பிழையல்ல.

கோர்ட்_வாசல்: நல்ல குறிப்பு. முன்பே வயது மனு தள்ளுபடியானவர்களும் கைவிட வேண்டாம், முறையான விசாரணை நடந்ததா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் ஓம்பிரகாஷ் வழக்கில் பலமுறை தள்ளுபடியான பிறகும், சம்பவத்தின்போது 14 வயது என்று ஏற்று சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. குற்றத்தீர்ப்பு நிலைத்தது, தண்டனைதான் மாறியது.

அரூர்_வாசி: வக்கீல் செலவு?

கோர்ட்_வாசல்: சிறையிலிருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரே சிறை வழியாக எழுதலாம். ஹைகோர்ட் மனு சென்னையில்தான், மதுரைக் கிளையில் அல்ல. முன்விடுதலை மனுவையும் நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஓடட்டும்.