‘வீ’ன்னா நாமளா, நாங்களா?

உசிலம்பட்டிப் பக்கம்:

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அப்பல்லாம் மூணாப்புலதான் ஏ, பி, சி, டி. அஞ்சாப்பு முடியிற வரைக்கும் இங்கிலீஷ்னா நாலுகோட்டு நோட்டு, அம்புட்டுதான். 1989-ல ஆறாப்புக்கு வந்த சார், முதல் நாளே போர்டுல எழுதினாரு: ஐ வென்ட் டு மதுரை பை பஸ் எஸ்டர்டே. “வாலைப் பிடிச்சுத் தலைக்கு வாங்கடா”ன்னாரு. எஸ்டர்டே, நேத்து. பை பஸ், பஸ்ல. டு மதுரை, மதுரைக்கு. வென்ட், போனேன். ஐ மட்டும் மிச்சம். “அது கெடக்கட்டும், போனேன்லயே நீ இருக்கேல்ல”ன்னு சாக்பீஸால அடிச்சு விட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் வழியில இருந்த கடை போர்டையெல்லாம் பின்னாலிருந்து படிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனோம். இப்படிச் சொல்லிக்கொடுக்கிறது தப்புன்னு இப்பப் பேசுறாங்க. நீளமான வாக்கியத்துல சறுக்கும்தான். ஆனா எங்களுக்குப் பயம் விட்டது அதுலதான்.

எட்டாப்புல டூர். திருமலை நாயக்கர் மகால்ல, ரெண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத தூணை ஒரு வெள்ளைக்காரம்மா தடவிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அடுத்து எங்கேன்னு எங்ககிட்டக் கேட்டுச்சு. மனசுக்குள்ள ‘கோயிலுக்குப் போறோம் நாங்க’ன்னு வச்சுத் தலைகீழாத் திருப்பினேன்: வீ கோ டு டெம்பிள். அந்தம்மா சந்தோஷமாப் பையை மாட்டிக்கிட்டு எங்களோடயே கெளம்பிருச்சு!

கீழ மாசி வீதியில சார் தலை எண்ணினா ஒண்ணு கூடுது. “யாருடா கூப்பிட்டது?” “நாங்க போறோம்னுதான் சார் சொன்னேன்.” சாருக்குச் சிரிப்பு தாங்கலை. “இங்கிலீஷ்காரனுக்கு நாமளும் நாங்களும் ஒண்ணுதாண்டா.”

பொற்றாமரைக் குளம் வரைக்கும் வந்துச்சு. சந்நிதி வாசல்ல தடுத்துட்டாங்க. அந்தம்மா என் மூஞ்சியைப் பார்த்துச்சு. இதுக்கு மேல நாங்க மட்டும்தான்ங்கிறதுக்கு எங்கிட்ட இங்கிலீஷ் இல்லை.

மேலூர்:

அண்ணே, உங்களுக்காவது அர்த்தம் சொன்னாங்க. எங்களுக்கு எல்லாமே மனப்பாடம். லீவ் லெட்டர்னா ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. அக்கா கல்யாணத்துக்கும் காய்ச்சல், கெடாவெட்டுக்கும் காய்ச்சல். வேற காரணத்துக்கு ஸ்பெல்லிங் தெரியாதே! ஒரு தடவை நெசமாவே காய்ச்சல்ல கெடந்தேன், டீச்சர் நம்பலை.

சோழவந்தான்:

தம்பி, நான் இங்கிலீஷ் டீச்சர். ‘இஸ்கூல்’னு சொல்ற பிள்ளைய யாராவது நக்கல் பண்ணா எனக்குக் கோவம் வரும். தமிழ்ல மெய்யெழுத்துல சொல்லு தொடங்காது, அதான் நாக்கு தானா ஒரு ‘இ’யைப் போட்டுக்குது. க-வும் அப்படித்தான், கே-க்கும் ஜி-க்கும் ஒரே எழுத்து. போட்டுக்கிற கோட்டும் மேயிற கோட்டும் தமிழ்ல எழுதினா ஒண்ணுதானே? போன மழைக்கு ஒரு பய ரெயின் ஆட்டைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்ததா எழுதியிருந்தான். அரை மார்க்தான் குறைச்சேன்.