முதிரை மேசை வெடித்த கதை – புதுப்பிப்பு

போன சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன்: மட்டக்களப்பு கல்லடி வீட்டுக்கு நானே செய்த முதிரை மர மேசையின் மேற்பலகை, மாரி முடிந்து வெயில் ஏறியதும் நடுவில் வெடித்துவிட்டது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, மேசை முடிந்துவிட்டது.

காரணம் நீங்கள் சொன்னதுதான், பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டியிருந்தேன். மரம் மாரியில் அகலப்பக்கம் ஊதும், கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்றில் சுருங்கும், அசைய இடமில்லாவிட்டால் வெடிக்கத்தானே செய்யும். வெடிப்பின் நேரே அறுத்து, இரண்டு விளிம்பையும் சீவித் திரும்ப ஒட்டினேன். பலகை அசைய இடம் விட்டு, சட்டத்தின் ஸ்குரூ ஓட்டைகளை நீளமாக்கி வாஷர் போட்டுப் பூட்டினேன்.

சீவுளிதான் பாடாய்ப் படுத்தியது. முதிரையின் நார் ஒரே பக்கமாக ஓடாது, சீவச் சீவப் பிய்ந்து வந்தது. பக்கத்து ஒழுங்கை ஆசாரி ஐயா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "சீவுளிய விடு மகன், இரும்புத் தகட்டால சுரண்டு" என்றார். மாவாக உதிராமல் மெல்லிய சுருளாக வந்தால் தகட்டின் கூர் சரி. அப்புறம் 120, 180, 240 என்று வரவர நைசான சாண்ட் பேப்பர். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் முதல் பூச்சு விழுந்ததும் வெளிறிய மஞ்சள் பொன்னிறமாகி, பக்கவாட்டு வெளிச்சத்தில் வாவித் தண்ணீர் மாதிரி நெளிநெளியாக மின்னியது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.