கரெண்ட் போய் வந்தா விஎம்-ல (விர்ச்சுவல் மெஷின்ல) நேரம் தப்புது: ஒண்ணு சரியா 5:30 பின்னால, இன்னொண்ணு தினம் ஒரு கணக்கு

தக்கலை_டெர்மினல்

தக்கலையில ஒரு ரப்பர் மொத்த வியாபாரக் கடை. ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்குற நிஜ மெஷின்) உபுண்டு 22.04; விஎம்களை ஓட்டுறது கேவிஎம், நிர்வகிக்கிறது லிப்விர்ட். மேல ரெண்டு விஎம்: விண்டோஸ் சர்வர் 2019 (கடை மெஷின்களோட லாகினைப் பாக்குற டொமைன் கன்ட்ரோலர், கூடவே பில்லிங்), ஆல்மா லினக்ஸ் 9 (டேட்டாபேஸ்; நேரத்தைச் சரியா வைக்கிற க்ரோனி ஓடுது). இடவப்பாதி மழை தொடங்கினதுல இருந்து ராத்திரி கரெண்ட் போகுது. யுபிஎஸ் தீரப்போகும்போது ஹோஸ்ட் விஎம்களை சேவ் பண்ணி அணைஞ்சுடும், காலையில தானா எழும்பும்.

எழும்பினா ஆல்மா 2 மணி நேரமோ 6 மணி நேரமோ பின்னால நிக்குது. விண்டோஸை முழுசா அணைச்சு ஏத்தினா 10:00-க்கு 4:30 காட்டுது. கையால திருத்தினா அடுத்த ஷட்டவுன் வரைக்கும்தான். அதுக்குள்ள கிளையன்ட் மெஷின்ல லாகின் விழ மாட்டேங்குது. ஹோஸ்ட்ல நேரம் சரியாத்தான் இருக்கு. எங்க தொடங்கணும்?

குழித்துறை_ரூட்

இது ரெண்டு தனித்தனி நோய். மாறாத பிழைன்னா செட்டிங், மாறுற பிழைன்னா கடிகாரம் நின்னு போனது. ஒரே மருந்து தேட வேண்டாம்.

முதல்ல விண்டோஸ். வன்பொருள் கடிகாரத்துல உள்ளூர் நேரம் இருக்குன்னு விண்டோஸ் நம்பும். நாம வேற சொல்லாம விட்டா லிப்விர்ட் யுடிசி (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு 5:30 பின்னால) கொடுக்கும். அதான் சரியா 5:30. கையால திருத்துறது ஏன் நிக்கலன்னா, விஎம் புதுசா ஏறும்போதெல்லாம் அந்தக் கடிகாரம் ஹோஸ்ட் நேரத்துல இருந்து திரும்ப உருவாகும். உள்ளேருந்து ரீஸ்டார்ட் பண்ணினா திருத்தம் தங்கும், ஷட்டவுன் பண்ணி ஏத்தினா போயிடும். இதை வச்சே நோயை உறுதி பண்ணிக்கலாம்.

விர்ஷ் எடிட்ல (விஎம் செட்டிங்கைத் திருத்துற லிப்விர்ட் கட்டளை) போய் க்ளாக் வரியில ஆஃப்செட்டை யுடிசி-ல இருந்து லோக்கல்டைம்னு மாத்துங்க. ஹைபர்வி-க்ளாக் டைமர் "ப்ரெசன்ட் எஸ்", ஹெச்பெட் "ப்ரெசன்ட் நோ" இருக்கான்னும் பாருங்க (ரெண்டும் விஎம்-முக்குக் கொடுக்கிற டைமர்கள்). பிறகு முழு ஷட்டவுன், திரும்ப ஸ்டார்ட். பலர் மாட்டுற இடம் இதுதான்: சேவ் பண்ணின இமேஜ் கிடந்தா விஎம் அதுக்குள்ள இருக்கிற பழைய எக்ஸ்எம்எல் செட்டிங்கோடதான் எழும்பும், நீங்க எடிட் பண்ணினது கண்ணுக்கே வராது. அதனால விஎம்-மை ஒருமுறை சாதாரணமா எழுப்பி, உள்ளேருந்து ஷட்டவுன் கொடுத்துட்டு ஏத்துங்க.

லாகின் விழாததுக்குக் காரணம் கெர்பராஸ், டொமைன்ல லாகினைச் சரிபார்க்கிற முறை. ரெண்டு மெஷினுக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா டிக்கெட் (உள்ள நுழையற அனுமதி) தராது.

அடுத்தது ஆல்மா. சேவ் ஆன விஎம்-முக்கு இடையில போன நேரமே தெரியாது, விட்ட இடத்துல இருந்து எண்ணும். க்ரோனி சரிபண்ணாதான்னு கேப்பீங்க. பண்ணும், ஆனா மெதுவா. க்ரோனி.கான்ஃப்-ல இயல்பா இருக்கிறது "மேக்ஸ்டெப் 1.0 3": முதல் 3 அப்டேட்டுல மட்டும்தான் ஒரே தாவலா திருத்தும். அதுக்குப் பிறகு மெல்ல நகர்த்தும், உச்ச வேகமே 12 நொடிக்கு 1 நொடி. 6 மணி நேரப் பிழைக்கு 72 மணி நேரம்! அதுக்குள்ள அடுத்த கரெண்ட் கட் வந்துடும்.

விஎம்-ல அந்த வரியை "மேக்ஸ்டெப் 1 -1" ஆக்குங்க, எப்ப வேணும்னாலும் தாவும். டேட்டாபேஸ் மெஷின்ல நேரம் பின்பக்கமா தாவினா ரெக்கார்டு வரிசை குழம்பும்னு ஒரு பயம் நியாயமா உண்டு. ஆனா சேவ் ஆகி எழும்பின மெஷின் பின்தங்கித்தான் இருக்கும், தாவல் முன்பக்கம்தான்.

கூடவே விஎம்-முக்குள்ள க்யூஇஎம்யு கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்றதை உள்ள செய்யிற சின்ன ப்ரோகிராம்) போட்டுட்டு, ஹோஸ்ட்ல /இடிசி/டிஃபால்ட்/லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் ஃபைல்ல சிங்க்_டைம்=1 வைங்க. உடனடித் தேவைக்கு விர்ஷ் டொம்டைம், விஎம் பேரு, --நவ்.

வடசேரி_பேக்கப்

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. லோக்கல்டைம் என்பது ஹோஸ்டுக்க டைம்சோன். ஹோஸ்ட் யுடிசி-ல இருந்தா நீங்க மாத்தினதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. டைம்டேட்சிடிஎல் அடிச்சு ஏசியா/கொல்கத்தா வருதான்னு பாருங்க.

எனக்குக் கேட்டா சேவ் பண்றதே வேண்டாம். டொமைன் கன்ட்ரோலரையும் டேட்டாபேஸையும் உறைய வச்சு எழுப்புறது நல்ல பழக்கம் இல்ல. அதே லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் ஃபைல்ல ஆன்_ஷட்டவுன்=ஷட்டவுன்னு மாத்தி, யுபிஎஸ்-ல குறைஞ்சது 10 நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே அணைக்கச் சொல்லுங்க.

தக்கலை_டெர்மினல்

ஹோஸ்ட் டைம்சோன் யுடிசி-யாத்தான் இருந்தது அண்ணே. மாத்தி, முழு ஷட்டவுன் கொடுத்து ஏத்தினேன், விண்டோஸ் சரி. ஆல்மாவும் எழும்பினதும் திருந்துது. இன்னும் ஒரு சந்தேகம்: காலையில கரெண்ட் வந்தாலும் இன்டர்நெட் வர அரை மணி ஆகுது. அப்ப ஹோஸ்டே தப்பா எழும்பினா?

குழித்துறை_ரூட்

ஹோஸ்ட் போர்டுல சிஆர்2032 பேட்டரி நல்லா இருந்தா அரை மணிக்குப் பிரச்சினை இல்ல. மீட்டர்ல 3 வோல்ட் பக்கத்துல காட்டணும். பழசுன்னா யோசிக்காம மாத்துங்க, விலை ரொம்பக் கம்மி. ஹோஸ்ட்ல க்ரோனி இருந்தா, விஎம்களை ஏத்துறதுக்கு முன்னாடி "க்ரோனிசி வெயிட்சிங்க் 30" ஓட விடுங்க. 10 நொடிக்கு ஒருமுறை பாத்து, அதிகபட்சம் 5 நிமிஷம் காத்திருக்கும்.

ஹோஸ்டுக்கு நேரம் கொடுக்கிற சர்வரா சமய்1.நிக்.இன், சமய்2.நிக்.இன், டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க் போடலாம். 2022 ஏப்ரல் சிஇஆர்டி-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்), என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடதான் ஒத்துப்போகச் சொல்லுது. ரவுட்டர்ல யுடிபி 123 (நேரம் வர்ற போர்ட்) அடைபட்டிருந்தா "க்ரோனிசி சோர்சஸ்"-ல ரீச் (சர்வர் பதில் வந்த கணக்கு) 0-ன்னே நிக்கும்.

டொமைன்ல ஒரே எஜமான் போதும்: டொமைன் கன்ட்ரோலர் ஹோஸ்ட்ல இருந்து என்டிபி-ல (நெட்வொர்க் வழியா நேரம் எடுக்கிற முறை) எடுக்கட்டும், கிளையன்ட் எல்லாம் டொமைன் கன்ட்ரோலர்ல இருந்து. கிளையன்ட்ல தனியா என்டிபி சர்வர் போட்டு வைக்காதீங்க. "டபிள்யூ32டிஎம் /க்வெரி /சோர்ஸ்" அடிச்சா யாரைப் பாக்குதுன்னு தெரியும்.

கொளச்சல்_லேப்

இதைப் படிக்கிற விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டுற இன்னொரு மென்பொருள்) காரங்களுக்கு: அங்க இதே வேலையை கெஸ்ட் அடிஷன்ஸ் பாக்கும். வித்தியாசம் 20 நிமிஷத்துக்குள்ளன்னா மெல்ல நகர்த்தும், மேல போனா தாவும். 5:30 பிழைக்கு சிஸ்டம், மதர்போர்டு பக்கத்துல "ஹார்ட்வேர் க்ளாக் இன் யுடிசி" டிக்கைப் பாருங்க. லினக்ஸுக்கு வேணும், விண்டோஸுக்கு எடுக்கணும்.